ஆளுக்குப் பாதி

அந்த ஐப்பசியில் எங்கள் குறுவை நெல் கொள்முதல் நிலையத்துச் சாலையோரத்தில் நனைந்து கிடந்தபோது நான் பேசியது ஒரே ஒரு பேச்சு. அதை இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்குப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வசவு மட்டும் முழுசாக எனக்கு வந்து சேர்ந்தது. நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தணிவதாகத் தெரியவில்லை.

மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவில், கோரையாற்றுப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. கணவர் குவைத்தில் டிரைவராக இருக்கிறார். நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரை வெள்ளாமையைப் பார்ப்பது நான்தான். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் ஓர் அக்காவுடையது. உடன்பிறந்தவள் இல்லை, ஆனால் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அறுப்பு மிஷினுக்குச் சொல்வோம். ஒரே டிராக்டரில்தான் நெல்லை ஏற்றி வருவோம். அந்த வருஷமும் அப்படித்தான் ஏற்றி வந்து, கொள்முதல் நிலையத்தில் இடம் இல்லாமல், சாலையோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் கொட்டினோம்.

கொட்டிய அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. சாக்கு வரவில்லை என்றார்கள். சாக்கு வந்தபோது, எடை போட்ட மூட்டைகளை ஏற்றிப் போக லாரி வரவில்லை என்றார்கள். எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் குவியலே சாலை நீளத்துக்குக் கிடந்தது. படுதாவைப் போட்டு மூடினாலும் அடியில் ஓடி வரும் தண்ணீரை என்ன செய்வது? காலையில் போனதும் படுதாவைத் தூக்கிக் கையை நெல்லுக்குள் விட்டுப் பார்ப்பேன். உள்ளே சுடும். ஈர நெல் அப்படித்தான், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி சுடும். பிறகு அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக முளை நீட்ட ஆரம்பித்தது.

அப்போதுதான் யூடியூப் சேனல்காரர் ஒருவர் ரெயின்கோட்டும் மைக்குமாக வந்தார். ஆண்கள் யாரும் பேசவில்லை. பேசினால் நிலையத்துக்காரர்கள் தங்கள் நெல்லை எடுப்பதை இன்னும் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று பயம். அக்காதான் என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள்.

"நீ படிச்சவ, உனக்குத்தான் கோர்வையா வரும். போய்ப் பேசு."

நான் படித்தது பிளஸ் டூ. ஆனாலும் பேசினேன். அக்கா என் தோளை ஒட்டி நின்று, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் சொன்னது இதுதான், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்:

"சாக்கு இல்லங்கிறாங்க, லாரி இல்லங்கிறாங்க. ஓட்டுக் கேட்டு வரும்போது எங்க ஊருக்கு வழி தெரிஞ்சுதே, நெல்லு நனையும்போது மட்டும் வழி தெரியலையா இவங்களுக்கு? அதுக்காக, அவங்க இருந்தப்ப என்ன வாழ்ந்துச்சு? அப்பவும் இதே ரோட்டுலதான் நெல்லு முளைச்சுக் கெடந்துச்சு. அன்னைக்கு எட்டிப் பாக்காதவங்க இன்னைக்கு வந்து எங்களுக்காக அழுவுறாங்க. எங்களுக்காக யாரும் அழுவ வேணாங்க. நெல்லு கொட்டுறதுக்கு மேல ஒரு ஷெட்டு போட்டுக் குடுங்க. நாங்க கேக்கறது அது ஒண்ணுதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், சிலர் கை தட்டினார்கள். சேனல்காரர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார். நான் படுதாவின் முனையில் கல்லைத் தூக்கி வைக்கப் போய்விட்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் திருவாரூரிலிருந்து என் தம்பி கூப்பிட்டான். அவன் எதிர்க்கட்சியில் ஏதோ பொறுப்பில் இருக்கிறான். தினமும் அவன் அனுப்பும் வீடியோக்களில் பாதியை நான் திறப்பதே இல்லை.

"அக்கா, பிச்சு உதறிட்டக்கா! எல்லா குரூப்லயும் உன் வீடியோதான் ஓடுது."

அனுப்பினான். பார்த்தேன். மேளச் சத்தம் சேர்த்திருந்தார்கள். சிவப்பு எழுத்தில் 'ஆட்சியின் முகத்திரையைக் கிழித்த வீரப் பெண்' என்று போட்டிருந்தார்கள். நான் பேசுகிறேன், "வழி தெரியலையா இவங்களுக்கு?" என்கிறேன், அதோடு என் முகம் உறைந்து நிற்கிறது. வாய் பாதி திறந்தபடி.

"மீதி எங்கடா?"

"மீதி எதுக்குக்கா? இதுதான் பாயிண்ட்டு."

"நான் ஷெட்டு கேட்டேனே, அது எங்க?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கக்கா. விடு."

கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்தேன். 'இவளா விவசாயி? மூக்குத்தியைப் பாரு, கையில வாட்ச்சைப் பாரு.' 'வயல்ல இறங்குறவளுக்கு இப்படிக் கோர்வையா பேச வருமா? எழுதிக் கொடுத்திருக்காங்க.' 'எவ்வளவு வாங்குனா கேளுங்க.' ஒருவர் மரியாதையாகவே கேட்டிருந்தார்: 'எந்த ஊர் அம்மா இவர்? எந்தத் தெரு?' எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். முட்டி வரை சேறோடு உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் அக்கா என்னிடம் பேசவில்லை. தன் குவியலைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவள், நான் கிட்டே போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"என்னன்னு சொல்லு."

"நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் மவன் எவ்வளவு வருத்தப்படுறான் தெரியுமா? நாங்க என்ன கெடுதல் பண்ணோம் உனக்கு?"

அவள் மகன் ஆளுங்கட்சியின் இணையப் பிரிவில் இருக்கிறான். அவன் போனில் அவளுக்கு அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறான்.

"அக்கா, நான் பேசும்போது நீ எங்க நின்ன?"

"உன் பக்கத்துலதான்."

"நான் ரெண்டு பேரையும்தானே கேட்டேன்? நீ தலையாட்டுனியே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "நின்னேன்தான். ஆனா வீடியோவுல இப்படித்தானே இருக்கு."

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ திட்டியிருந்தார்கள். இந்த ஒரு வார்த்தைதான் என்னை நிலைகுலைய வைத்தது. அவள் காதால் கேட்டது அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. அவளே என்னைத் தள்ளிவிட்டு, அவளே பக்கத்தில் நின்று, அவளே தலையாட்டியதைக்கூட ஒரு சின்னத் திரை அழித்துவிட்டது. தெரியாதவன் ஏமாந்தால் பாவம் என்று விடலாம். கூடவே நின்றவளை என்ன சொல்வது?

இருட்டுவதற்குள் குவைத்திலிருந்து கணவர் கூப்பிட்டார். நெல் எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"உன்னை யாரு அங்க போயி பேசச் சொன்னது?"

"முழுசா பாத்தீங்களா?"

"ரூம்ல அத்தன பேரும் பாத்துட்டாங்க. தலைகாட்ட முடியல."

அவர் ஊரில் இருந்தவரை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போனதில்லை. அங்கே போன பிறகு, ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வேலை முடிந்த நேரமெல்லாம் போனைப் பார்த்துப் பார்த்து ஆளுங்கட்சிக்காரராகிவிட்டார். நான் பேசியதை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் கடைசியில், "இனிமே எதுலயும் தலையிடாத," என்றுதான் வைத்தார். கூட வாழ்ந்தவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள அவர் என்னைக் கேட்கவில்லை; போனைக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அக்கா தூக்குவாளியில் டீயோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பத்தான் நீ சரியா பேசியிருக்க. என் மவனுக்கு அவ்வளவு சந்தோஷம்."

"நான் எங்கக்கா பேசினேன்? நேத்து சாயந்தரத்திலேருந்து வாயே தொறக்கலையே."

அவள் மகனுடைய ஆட்கள் முழு வீடியோவைத் தேடிப் பிடித்து அடுத்த பாதியை வெட்டியிருந்தார்கள். இதற்கு மேளம் இல்லை, சோகமாக வயலின். 'நீலிக் கண்ணீர் வடிப்போரை நெற்றியடியாகக் கேட்ட விவசாயத் தாய்.' "அவங்க இருந்தப்ப என்ன வாழ்ந்துச்சு?" என்று தொடங்கி, "இன்னைக்கு வந்து எங்களுக்காக அழுவுறாங்க" என்பதோடு முடிந்தது. ஷெட்டு இதிலும் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் எதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ, அந்த ஒரு வரியை வெட்டுவதில் ஒத்துப்போய்விட்டார்கள்.

அதே புடவை, அதே மழை, அதே மூக்குத்தி. முதல் நாள் எவன் என் மூக்குத்தியைக் கேலி செய்தானோ அவன் கட்சிக்காரர்களெல்லாம் இப்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முதல் நாள் வீரப் பெண் என்றவர்கள், ஆளுங்கட்சியிடம் கைநீட்டியவள் என்றார்கள். ஒவ்வொரு பக்கத்துக்காரர்களும் மற்றப் பாதி இருப்பதையே பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அது கம்ப்யூட்டரில் செய்த போலி என்றார்கள். என் குரலில் பேசியது நானே இல்லையாம்!

டீயைக் குடிக்காமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மகன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க சித்தி, உக்காருங்க."

"உக்கார வரல. எதுக்குடா என் பேச்ச வெட்டுன?"

"உங்களக் காப்பாத்தத்தான் சித்தி. அவங்க உங்கள யூஸ் பண்ணிக்கிட்டாங்க. எங்காளுங்க உங்கள அசிங்கமா திட்டுறத என்னால தாங்க முடியல. அதான் அடுத்த பாதியப் போட்டு உங்க பேர மீட்டு எடுத்தேன்."

"முழுசாப் போட்டிருந்தா என் பேரு தானா வந்திருக்குமே."

"முழுசாப் போட்டா எங்க ஆளுங்க எப்படி சித்தி ஷேர் பண்ணுவாங்க? அதுல நம்மளயும்தானே திட்டுறீங்க."

அவன் குரலில் கள்ளம் இல்லை. எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே நம்பினான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திருட்டுத்தனமாகச் செய்தால் கையைப் பிடிக்கலாம். புண்ணியம் என்று நினைத்துச் செய்பவனை எங்கே பிடிப்பது?

"உங்க அம்மா நெல்லும் அங்கதாண்டா முளைக்குது," என்றேன். "அத எந்தப் பாதியில போடுவ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று கணவர் மறுபடியும் கூப்பிட்டார். கோபம் போய்க் குழப்பம் வந்திருந்தது. அறையில் யாரோ, 'உங்க வீட்ல நேத்து ஒண்ணு பேசுறாங்க, இன்னைக்கு ஒண்ணு பேசுறாங்க' என்று சிரித்தார்களாம்.

"எதுதான் உண்மை?"

"ரெண்டும்தாங்க."

"ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்?"

நெல் இரண்டு ஆட்சியிலும் நனைந்தது. அவரே ஊரில் இருந்த காலத்தில் இதே சாலையில் என்னோடு சேர்ந்து முளைத்த நெல்லைக் கூட்டி அள்ளியவர். அது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் எந்தக் கட்சி இருந்தபோது என்பதை இப்போது மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறார். நான் சொல்லச் சொல்ல, "இல்ல, அது அப்போ இல்ல," என்றே சாதித்தார்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அதற்கு மறுநாள் என் தம்பி நாலைந்து பேரோடு காரில் வந்து இறங்கினான். இரண்டாவது வீடியோவினால் எனக்கு ஏற்பட்ட களங்கத்தைத் துடைக்க வேண்டுமாம். எங்கள் குவியலுக்கு முன்னாலேயே வைத்து எனக்குச் சால்வை போட்டுப் படம் எடுப்பதாக ஏற்பாடு. ஒருவர் எனக்குக் குடை பிடித்தார். குவியல் நனைந்துகொண்டிருந்தது.

"சிரிங்கம்மா," என்றார் படம் எடுப்பவர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை.

"இந்தச் சால்வைய விரிச்சா எவ்வளவு நெல்லு மூடும்? சொல்லுங்க! மூடுமா? மூடாதுல்ல? அப்புறம் எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க? கார்ல வந்தீங்களே, வர்ற வழியில ஒரு படுதா வாங்கிட்டு வரணும்னு ஒருத்தருக்காவது தோணுச்சா?"

சால்வையைத் தம்பி கையிலேயே திணித்தேன். அவன் முகம் சுருங்கிப் போய்விட்டது. "உனக்காகத்தான் வந்தோம் அக்கா," என்றான், சின்னப் பையன் மாதிரி. பாவமாகத்தான் இருந்தது. அதற்குள் யாரோ அதையும் போனில் பிடித்துவிட்டார்கள். மாலைக்குள் 'எதிர்க்கட்சியின் சால்வையைத் தூக்கி எறிந்த விவசாயத் தாய்' ஊரெல்லாம் ஓடினாள். என் தம்பி அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை.

நான் யார் மீதும் எதையும் எறியவில்லை. ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். இந்த நாட்டில் நெல் விளைவிப்பவள் ஒரு கேள்வி கேட்டால், அது யார் சார்பில் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அவள் சார்பில் அவளே கேட்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை. எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று இரண்டு பக்கமும் பெருமையடித்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர்கூட, 'அந்த அம்மாவின் நெல் என்ன ஆயிற்று?' என்று எழுதவில்லை. நான் தேடிப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை.

நெல் என்ன ஆயிற்று என்று நானே சொல்கிறேன். ஒருவழியாக வெயில் வந்தது. சாலையில் காயப் போட எல்லோருக்கும் ஒரே அவசரம். எனக்கும் அக்காவுக்கும் கிடைத்தது பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே ஒரு துண்டு இடம். வேறு வழியில்லாமல் இரண்டு பேர் நெல்லையும் அடுத்தடுத்து விரித்தோம். நடுவில் ஒரு சாண் இடைவெளி. காலால் கோடு இழுத்துக் கிளறிக்கொண்டே போவோம், விரித்த நெல் முடியும் இடத்தில் திரும்புவோம். எதிர் எதிராக வரும்போது இரண்டு பேரும் தரையைப் பார்ப்போம்.

உச்சிவெயிலில் அக்கா நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த வீடியோவ எனக்கு முழுசாக் காட்டு."

புளியமர நிழலில் உட்கார்ந்து சேனல்காரரின் பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். என் தோளுக்குப் பின்னால் அவள் தலையாட்டுவதை அவளே பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறையும் பார்த்தாள்.

"நான்தான் உன்னைத் தள்ளிவிட்டேன், இல்ல?"

"ஆமா."

"அவன் காட்டினப்ப, நான் கேட்டது தப்போன்னு நெனச்சேன். அவனுக்கு இதெல்லாம் தெரியும், எனக்கு என்ன தெரியும்னு."

"உனக்குக் காது இருக்குல்ல அக்கா."

"இருக்கு," என்றாள். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திட்டாத," என்றாள். அதன் பிறகு நான் திட்டவில்லை. அவள் மீது வைத்திருந்த கோபம் அங்கேயே முடிந்தது. மற்றவர்கள் மீது உள்ளது முடியவில்லை.

காய்ந்ததில் நல்லதைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். அடியில் முளைத்ததையும் கறுத்ததையும் கோழித் தீவனத்துக்கு வாங்கும் வியாபாரியிடம் தள்ளிவிட்டோம். அக்காவின் மகன் வந்து மூட்டை தூக்கினான். எங்கள் நெல்லையும் அவனே தூக்கினான். வீடியோவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் அந்தப் பாதி வீடியோவை அழிக்கவும் இல்லை.

கணவர் சம்பா அறுப்புக்கு லீவில் வந்தார். முதல் இரண்டு நாள் ஊர்க்கதை, உடம்புக்கதை. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததுபோல மெதுவாகக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. நீ யாரு பக்கம்?"

தட்டைக் கழுவப் போனவள் நின்றுவிட்டேன். கல்யாணமாகி, பிள்ளைகளைப் பெற்று, அவர் அனுப்பிய பணத்தோடு என் உழைப்பையும் போட்டு அந்த நிலத்தைக் காப்பாற்றிய பிறகு, என் வீட்டு மனுஷன் என்னைக் கேட்கும் கேள்வி இது.

"உங்க பக்கம்தான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க மழையில எங்களுக்கு நெல்லு போச்சான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். "போச்சா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் போச்சு," என்றேன். எவ்வளவு, எப்படி என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். அன்றுதான் அந்த ஐப்பசியை அவர் என் வாயால் முழுக்கக் கேட்டார். நடுவில் அவர் பையில் இருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை எடுக்காமல் இருந்தார். மூன்றாவது முறை எடுத்துப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ம், சொல்லு," என்றார்.